பக்கவாதத்துக்குப் பின் ரத்தத்தில் வளர்ச்சிக் காரணி அளவு: உங்கள் அனுபவம் என்ன?

நோயாளியின் மகள்:
பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது கையும் பேச்சும் போய்விட்டன. வார்டில் ஓர் ஆய்வுக்காக ரத்தம் கேட்டார்கள். பிடிஎன்எஃப் (BDNF) என்ற வளர்ச்சிக் காரணிப் புரதத்தை அளக்கப் போகிறார்களாம். நரம்புச் செல்கள் பிழைத்திருக்கவும் புது இணைப்புகள் உண்டாகவும் உதவுவது. சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன். அளவு குறைவு என்று காதில் விழுந்ததும் அம்மா சரியாகச் சாப்பிடவே இல்லை. "இனிமே பேசவே மாட்டாரா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார். நரம்பியல் மருத்துவர்தான் பொறுமையாக உட்கார்ந்து சொன்னார்: பல நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த சில ஆய்வுகளில், ஆரம்பத்தில் அளவு குறைவாக இருந்தவர்கள் தேறுவது மந்தமாக இருந்திருக்கிறது. ஆனால் ஒருவருடைய எண்ணை மட்டும் பார்த்து அவர் பேசுவாரா, நடப்பாரா என்று சொல்ல முடியாது. வழக்கமான சிகிச்சையில் இந்தப் பரிசோதனை கேட்கப்படாததும் அதனால்தான்.

ஆய்வக ஊழியர்:
அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். ரத்தத்திலுள்ள பிடிஎன்எஃப்பில் பெரும்பகுதி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்குள் இருக்கிறது. ரத்தம் உறையும்போதுதான் வெளியே வரும். ஒரே ஊசியில் எடுத்த ரத்தத்தை இரண்டு குழாய்களில் விட்டு, ஒன்றை உறையவிட்டு சீரமாகவும் இன்னொன்றை உறையாமல் தடுத்து பிளாஸ்மாவாகவும் பிரித்தால், சீரத்தில் பல மடங்கு அதிகம் காட்டும். எவ்வளவு நேரம் உறையவிட்டார்கள் என்பதற்கேற்பவும் மாறும். சீரமா பிளாஸ்மாவா என்று தெரியாமல் இணையத்தில் கிடைக்கும் எண்ணோடு ஒப்பிடாதீர்கள், வீண் பயம்தான் மிஞ்சும்.

நோயாளியின் மனைவி:
என் கணவருக்கு விஇஜிஎஃப் (VEGF) என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணி உயர்ந்திருந்தது. நல்லதா கெட்டதா என்று கேட்டேன். எப்போது எடுத்த ரத்தம் என்று மருத்துவர் திருப்பிக் கேட்டார். புது ரத்தக்குழாய்கள் முளைக்கத் தூண்டும் காரணி அது. ஆனால் அடைப்பு வந்த புதிதில் குழாய்ச் சுவரைக் கசியவைத்து மூளை வீக்கத்தைக் கூட்டவும் கூடுமாம்.

நோயாளியின் மகள்:
நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன், கொஞ்சம் தெளிந்திருக்கிறார். உடற்பயிற்சி செய்தால் பிடிஎன்எஃப் சிறிது நேரத்துக்கு உயரும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். அதற்காகச் செய்யச் சொல்லவில்லை, கை அசையத்தான் பயிற்சி என்றும் சொன்னார். அது எனக்குப் பிடித்திருந்தது. அப்பா இப்போது ஒற்றைச் சொற்கள் பேசுகிறார்; பெயர்கள்தான் வரவில்லை. இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் வீட்டில் என்ன பேச்சுப் பயிற்சி கொடுத்தீர்கள்?