மெடிக்கல் ரெப் வேலைக்கு எந்த போன்: கேலக்ஸி ஏ35-ஆ, நத்திங் 2ஏ-வா?

தூத்துக்குடி ரெப்:
வணக்கம். காலையில் பைக்கை எடுத்தால் கோவில்பட்டி, விளாத்திகுளம், திருச்செந்தூர், சாத்தான்குளம் என்று மாவட்டம் முழுக்கச் சுற்றுகிற வேலை எனக்கு. இப்போது கையில் இருப்பது பழைய 64 ஜிபி போன். இடமே இல்லை, ஒரு போட்டோ எடுக்க இன்னொன்றை அழிக்க வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய தலைவலி கம்பெனியின் ரிப்போர்ட்டிங் ஆப். டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்து அந்தச் சந்திப்பை (எங்கள் பாஷையில் 'கால்') பதிவு பண்ணினால், சாத்தான்குளத்தில் நிற்கிற என்னைத் திருச்செந்தூரில் நிற்பதாகக் காட்டுகிறது. டிசிஆர், அதாவது அன்றைய சந்திப்பு அறிக்கை, சரியாக ஏறாவிட்டால் அன்றைய பயணப்படி போய்விடும். மேனேஜரிடம் விளக்கம் சொல்லி அலுத்துவிட்டேன்.

பட்ஜெட் 25,000, அவசியம் என்றால் இரண்டாயிரம் கூடப் போகலாம். கடைசியில் இரண்டு போனில் வந்து நிற்கிறேன்: சாம்சங் கேலக்ஸி ஏ35, நத்திங் ஃபோன் 2ஏ. இரண்டும் 2024 மார்ச்சில் வந்தவை. வந்தபோது ஏ35 30,999-இலும் 2ஏ 23,999-இலும் தொடங்கின. இப்போது ஏ35 நன்றாக இறங்கி, எங்கள் ஊர்க் கடையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வந்துவிட்டன.

வீடியோ பார்த்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் கேம் ஆடுவதில்லை. மேப், வாட்ஸ்அப், ரிப்போர்ட்டிங் ஆப், ஸ்டாக்கிஸ்ட் (மருந்து மொத்த வியாபாரி) பில்லைப் போட்டோ எடுத்து அனுப்புவது, நாள் முழுக்க போன் பேசுவது, இவ்வளவுதான் வேலை. இரண்டு சிம் கட்டாயம். ஐப்பசி பிறந்துவிட்டது, மழைக்கு முன்னால் வாங்கியாக வேண்டும். இந்த வேலையில் இருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நெல்லைக்காரன்:
யோசிக்காமல் ஏ35 எடுங்க. மழையில போற ஆளுக்குத் தண்ணி தாங்குற ஐபி67 வேணும், அது ஏ35-லதான் இருக்கு.

கரிசல் மண்:
நத்திங்கை அவ்வளவு லேசாகத் தள்ளிவிடாதீர்கள். 2ஏ-வில் இருக்கும் டைமென்சிட்டி 7200 ப்ரோ 4 நானோமீட்டர் சிப். ஏ35-இன் எக்ஸினாஸ் 1380, 5 நானோமீட்டர். வேகத்தில் 2ஏ ஒரு படி மேலே. இரண்டிலும் 5000 எம்ஏஎச் பேட்டரிதான், ஆனால் 2ஏ 45 வாட்டில் சார்ஜ் ஏறும், ஏ35-க்கு 25 வாட்தான். மதியம் சாப்பிட உட்கார்கிற நேரத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டிய ஆளுக்கு இது பெரிய வித்தியாசம். 2ஏ-வின் எடையும் 190 கிராம்தான். ஏ35 209 கிராம். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க அலைந்து பார்த்தால் தெரியும். 2ஏ தேவையில்லாத ஆப்கள் நிரப்பி வராது என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒன்று, இரண்டு பெட்டியிலுமே சார்ஜர் கிடையாது. பிபிஎஸ் (போனுக்குத் தக்கபடி மின்னழுத்தத்தை மாற்றித் தரும் வசதி) உள்ள 45 வாட் டைப்-சி சார்ஜர் ஒன்று வாங்கினால் எந்த போனுக்கும் ஆகும். அதற்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள்.

பழைய ரெப்:
தம்பி, இதே தொழிலில் தலை நரைத்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். ஐபி67 என்றால் முதல் எண் 6, தூசி உள்ளே போகாது. இரண்டாவது எண் 7, ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று சோதித்தது. 2ஏ-வுக்கு ஐபி54. தூசி ஓரளவு தடுக்கும், தண்ணீரில் தெறிப்பு மட்டும் தாங்கும். தூறலுக்கு இரண்டும் போதும். கொட்டுகிற மழையில் பேண்ட் பையோடு நனைந்து எட்டயபுரம் ரோட்டில் ஒதுங்க இடமில்லாமல் வரும்போதுதான் 67-க்கும் 54-க்கும் உள்ள தூரம் தெரியும்.

2023 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்ததில் என் போன் போயிற்று. அது வேறு ஒரு கம்பெனி போன், வாரண்டியும் இருந்தது. சர்வீஸ் சென்டரில் சிம் ட்ரேயை உருவி, உள்ளே ஒட்டியிருக்கும் சின்னக் காகிதப் பொட்டு சிவந்திருப்பதைக் காட்டினார்கள். தண்ணீர் பட்டால் வாரண்டி இல்லை என்று முடித்துவிட்டார்கள். ஐபி67 போனுக்கும் அநேகமாக இதே விதிதான். அந்த எண் போனைக் காப்பாற்றலாம், பணத்தைத் திருப்பித் தராது.

நம்ம ஊருக்கென்று இன்னொன்று இருக்கிறது. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. உப்பளக் காற்றும் கடல் தண்ணீரும் அதில் சேராது. திருச்செந்தூர்ப் பக்கம் போய்வந்தால் ஈரத்துணியால் போனைத் துடையுங்கள். கீழே உள்ள சார்ஜர் துளை காய்ந்த பிறகுதான் ஒயரைச் செருக வேண்டும். நனைந்த துளையில் கரண்ட் ஏறினால் பின்கள் அரித்துப் போகும்.

இரண்டாவது, ஹேண்டில்பார் ஹோல்டர். மேப்புக்காக நாம் எல்லோரும் மாட்டுகிறோம். நீங்கள் பார்க்கும் இரண்டு போனிலும் மெயின் கேமராவில் ஓஐஎஸ் இருக்கிறது. அதாவது லென்ஸ் உள்ளே மிதந்துகொண்டு கை நடுக்கத்தைச் சரிசெய்யும். பைக் இன்ஜின் அதிர்வு நாள்கணக்கில் பட்டால் அந்த ஏற்பாடு கெட்டுவிடக்கூடும் என்று 2021-இல் ஆப்பிளே தன் ஐபோன்களைப் பற்றி எழுத்தில் எச்சரித்தது. தத்துவம் எல்லா போனுக்கும் ஒன்றுதான். அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்த ஹோல்டர் வாங்குங்கள், அல்லது போனைப் பையில் போட்டுவிட்டு ஒரு காதில் வழி கேட்டுக்கொண்டு போங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன். பில் போட்டோ கலங்கலாக வந்தால் ஸ்டாக்கிஸ்ட் அல்லவா திட்டுவார்!

அந்த ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மழைப்பை இருக்கிறதே, வெயிலில் அதைப் போட்டு ஓட்டாதீர்கள். 35 டிகிரிக்கு மேல் போனால் பெரும்பாலான போன்கள் தம்மைக் காத்துக்கொள்ள வெளிச்சத்தைக் குறைக்கும், சார்ஜை நிறுத்தும். பங்குனி சித்திரையில் நம்ம ரோட்டில் அந்தப் பைக்குள் இருக்கும் சூட்டுக்கு எந்த கம்பெனி போனும் தாங்காது.

ஆப் டெவலப்பர்:
போன் வாங்குவதற்கு முன் ஒரு விஷயம். திருச்செந்தூரைக் காட்டுகிற பிரச்சினை புதுப் போனிலும் வரலாம். உங்கள் ஆப் புது ஜிபிஎஸ் புள்ளி கிடைக்காதபோது, போன் கடைசியாகத் தெரிந்து வைத்திருந்த இடத்தை எடுத்து அனுப்புகிறது என்று நினைக்கிறேன். கான்கிரீட் கட்டடத்துக்குள், கிளினிக் வராண்டாவில் நின்று பதிந்தால் இது அடிக்கடி நடக்கும். வெளியே வந்து மேப்பைத் திறங்கள். நீலப் புள்ளியைச் சுற்றி ஒரு வெளிர்நீல வட்டம் இருக்கும். அது சுருங்கிப் புள்ளியோடு ஒட்டும்வரை நின்று, பிறகு ரிப்போர்ட்டிங் ஆப்பைத் திறந்து பதியுங்கள்.

அதோடு ஆப்பின் அனுமதிகளில் லொக்கேஷன் "எப்போதும்" என்று இருக்க வேண்டும், துல்லிய இடம் ஆன் ஆகியிருக்க வேண்டும், பேட்டரி பகுதியில் "அன்ரெஸ்ட்ரிக்டட்" தேர்ந்திருக்க வேண்டும். 2ஏ-வில் அநேகமாக இதோடு வேலை முடிந்தது.

சாம்சங்கில் கூடுதலாக ஒன்று உண்டு. கொஞ்ச நேரம் தொடாத ஆப்களை அது தூங்க வைத்துவிடும். செட்டிங்ஸ், பேட்டரி, பேக்கிரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ் என்று போய், தூங்கவே கூடாத ஆப்களின் பட்டியலில் உங்கள் ஆப்பைச் சேர்த்துவிடுங்கள். இதைச் செய்யாமல் "சாம்சங்கில் ஆப் நிற்கிறது" என்று என்னிடம் வருபவர்கள் நிறைய.

தூத்துக்குடி ரெப்:
எல்லோருக்கும் நன்றி. ஆப் அண்ணா சொன்னதைப் பழைய போனிலேயே இன்று செய்து பார்த்தேன். பேட்டரி சேவர் ஆனில் கிடந்தது. அதை எடுத்துவிட்டு, வட்டம் சுருங்கும்வரை நின்று பதிந்தேன். விளாத்திகுளத்தில் மூன்று டாக்டர், மூன்றும் சரியான இடத்தில் விழுந்தன. மாதக்கணக்காகப் பட்ட அவதி அது, மனசு லேசாகிவிட்டது.

ஆனாலும் இடப் பிரச்சினை இருக்கிறதே, போன் மாற்றத்தான் வேண்டும். ஏ35-இல் மெமரி கார்டு போடலாம் என்கிறார்கள். அப்படியானால் 128 ஜிபி எடுத்துக் கார்டு போட்டுக்கொண்டால் போதுமா?

கரிசல் மண்:
அங்கேதான் சிக்கல். ஏ35-இல் இருப்பது ஹைப்ரிட் ட்ரே. இரண்டாவது சிம் போடும் இடத்தில்தான் கார்டும் போட வேண்டும், இரண்டில் ஒன்றுதான். உங்கள் இரண்டு சிம்மையும் ட்ரேயில்தான் போடுவீர்கள் என்றால் கார்டை மறந்துவிடுங்கள். 2ஏ-வில் கார்டே கிடையாது. ஆக எதை எடுத்தாலும் 256 ஜிபி எடுங்கள்.

பழைய ரெப்:
சரியாகச் சொன்னார். வாட்ஸ்அப் குரூப்புகளில் வரும் புராடக்ட் வீடியோவே 128-ஐ ஒரு வருடத்தில் தின்றுவிடும். ஆட்டோ டவுன்லோடை அணைத்து வையுங்கள்.

மதுரை சர்வீஸ் மெக்கானிக்:
நான் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இரண்டுமே நல்ல போன், என் கணக்கு வேறு. டிஸ்ப்ளே உடைந்தால் எங்கே போவீர்கள்? சாம்சங் சர்வீஸ் சென்டர் சின்ன ஊர்வரை பரவியிருக்கிறது. நத்திங்குக்குப் பெரிய நகரங்களில்தான் வசதி அதிகம். வாங்குவதற்கு முன் இரண்டு கம்பெனித் தளத்திலும் உங்கள் பின்கோடைப் போட்டுப் பாருங்கள். போன் இல்லாமல் ஒரு நாள் நின்றால் ஒரு நாள் சம்பாத்தியம் போகிற ஆளுக்கு இதுதான் முதல் கேள்வி. திரைக் கண்ணாடியும் ஏ35-இல் உறுதி கூடிய கொரில்லா விக்டஸ் பிளஸ், 2ஏ-வில் கொரில்லா 5. ஆனால் ஏ35-க்குப் பின்பக்கமும் கண்ணாடி என்பதால் கவர் போடாமல் ஒரு நாள்கூட வெளியே எடுக்காதீர்கள்.

அப்டேட் கணக்கையும் பாருங்கள். ஏ35-க்கு நாலு ஆண்ட்ராய்டு பதிப்பு, ஐந்து வருட செக்யூரிட்டி. 2ஏ-வுக்கு மூன்று பதிப்பு, நாலு வருட செக்யூரிட்டி. இது போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவது, நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல. ஒன்று 2029 வரை, மற்றது 2028 வரை. பழைய போனை இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறீர்கள், இதையும் அப்படித்தான் ஓட்டுவீர்கள். அந்த ஒரு வருடம் உங்களுக்குப் பெரிது.

தூத்துக்குடி ரெப்:
பின்கோடு போட்டுப் பார்த்தேன். சாம்சங் எங்கள் ஊரிலேயே இருக்கிறது, அதுவும் நான் தினமும் போகும் ரோட்டில். நேற்று கடைக்குப் போய் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தேன். 2ஏ கைக்கு அழகாக இருந்தது, திரை வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, மறுக்கவில்லை. கடை வாசல் வெயிலில் ஆட்டோ பிரைட்னஸ் போட்டு இரண்டிலும் மேப் பார்த்தேன், என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரு பில்லை எடுத்துப் பார்த்ததில் இரண்டிலுமே ரொம்பக் கிட்டே போனால் ஓரத்து எழுத்து கலங்குகிறது. கடைப் பையன்தான் ஓரடி தள்ளி நின்று 2எக்ஸ் ஜூம் வைத்து எடுக்கச் சொன்னான். மருந்தின் பேட்ச் நம்பர் வரைக்கும் தெளிவாக வந்தது.

ஏ35, 256 ஜிபி என்று முடிவு செய்துவிட்டேன். பட்ஜெட்டை ஆயிரத்துச் சொச்சம் தாண்டுகிறது, பரவாயில்லை. நாளை வாங்கப் போகிறேன். வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

மதுரை சர்வீஸ் மெக்கானிக்:
சீல் உடைக்கிறதை உங்கள் கண் முன்னாலேயே செய்யச் சொல்லுங்கள். போனை ஆன் பண்ணி *#06# அடித்தால் ஐஎம்இஐ எண் (போனின் அடையாள எண்) வரும். அது பெட்டியில் இருப்பதோடும் பில்லில் எழுதுவதோடும் ஒத்துப்போக வேண்டும். ஆங்கிலத்தில் KYM என்று அடித்து, ஒரு இடம் விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். மாடல் பெயர் பதிலாக வரும். பெயர் வேறாக வந்தாலோ, பிளாக் என்று வந்தாலோ பணம் கொடுக்காதீர்கள். கடையிலேயே உங்கள் இரண்டு சிம்மையும் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு கால் பேசிப் பாருங்கள். பழைய போனை உடனே எக்ஸ்சேஞ்சில் கொடுக்க வேண்டாம், வாட்ஸ்அப் பேக்கப்பும் ரிப்போர்ட்டிங் ஆப்பின் லாகினும் புதுப் போனில் ஏறிய பிறகு கொடுத்தால் போதும்.