சல்ஃபடாக்சின் முதல் நாள் மட்டும் போதுமா?

டி.ஃபார்ம் மாணவி:
ஃபால்சிபாரம் (கடுமையான வகை) மலேரியாவுக்கான மருந்து அட்டையில் ஆர்ட்டிசுனேட் 3 நாளுக்கு இருக்கிறது, ஆனால் கூட வரும் சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் முதல் நாளோடு சரி. சல்ஃபா வகை மருந்து என்றாலே, கிருமித்தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாதிரி தினம் இரண்டு வேளை என்றுதான் மனதில் இருக்கிறது. இது எப்படிப் போதும்?

வார்டு ஃபார்மசிஸ்ட்:
போதும் தங்கச்சி. கோட்ரைமாக்சசோலில் உள்ள சல்ஃபாமெத்தாக்சசோலின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 10 மணி நேரம். சல்ஃபடாக்சினுக்கு ஏறக்குறைய ஒரு வாரம், அதனால் ஒருமுறை விழுங்கினால் வாரக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். ஆர்ட்டிசுனேட் வேகமாக ஒட்டுண்ணிகளைக் கொன்றுவிட்டு சில மணி நேரத்தில் வெளியேறிவிடும், மிச்சம் மீதி இருப்பதை இது பார்த்துக்கொள்ளும். ஆனால் மெல்லக் குறைந்துகொண்டே போகும் அந்தக் கடைசி நாட்களில் மருந்தின் அளவு போதாமல், எதிர்ப்புத்தன்மை உள்ள ஒட்டுண்ணிகள் மட்டும் பிழைத்துப் பெருக இடம் கிடைக்கிறது. வடகிழக்கு மாநிலங்களில் இந்தக் கூட்டு சரியாக வேலை செய்யாமல் போய், இந்தியாவின் 2013 மலேரியா சிகிச்சை வழிகாட்டுதலில் அங்கே மட்டும் ஆர்ட்டிமெத்தர்-லூமிஃபான்ட்ரின் என்ற வேறு கூட்டு மருந்துக்கு மாற்றினார்கள்.

தோல் பிரிவு டாக்டர்:
மருந்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் "சல்ஃபா அலர்ஜி உண்டா, முன்பு ஏதாவது மாத்திரையில் உடம்பெல்லாம் தடித்ததா, வாய் புண்ணானதா" என்று கட்டாயம் கேளுங்கள். வேறு பல மாத்திரைகள் என்றால் நிறுத்தினால் ஓரிரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும், இதை நிறுத்தவே வழியில்லை, உள்ளே போனது போனதுதான். 1980களில் மலேரியா வராமலிருக்க வாரம் ஒரு ஃபான்சிடார் (சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமினின் வணிகப் பெயர்) போட்டுக்கொண்ட அமெரிக்கப் பயணிகள் சிலர் தோலும் வாயும் கொப்புளித்து உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் மாதிரியான கடும் தோல் பாதிப்பில் இறந்தார்கள். போட்டுக்கொண்ட 11,000 முதல் 25,000 பேருக்கு ஒருவர் இப்படி இறந்ததாக அப்போது மதிப்பிட்டார்கள். அதற்குப் பிறகுதான் வாராந்திரத் தடுப்பு மருந்தாகப் பரிந்துரைப்பது கைவிடப்பட்டது.

டி.ஃபார்ம் மாணவி:
அப்படியென்றால் ஆப்பிரிக்காவில் மலேரியா வராமலிருக்க இதைக் கர்ப்பிணிகளுக்கே கொடுக்கிறார்களே, பயமில்லையா?

வார்டு ஃபார்மசிஸ்ட்:
அது வாரா வாரம் இல்லை. நான்காம் மாதம் முதல், ஒவ்வொரு தவணைக்கும் குறைந்தது ஒரு மாத இடைவெளி விட்டு, மருத்துவமனையில் கண்ணெதிரே விழுங்க வைக்கிறார்கள். நஞ்சுக்கொடியில் மலேரியா தங்கி எடை குறைந்த குழந்தை பிறப்பது அங்கே அவ்வளவு பெரிய பிரச்சினை. எச்ஐவிக்காக ஏற்கெனவே கோட்ரைமாக்சசோல் எடுப்பவர்களுக்கு இதைக் கொடுப்பதில்லை, இரண்டும் சல்ஃபா. அப்புறம், கர்ப்பிணிகள் எடுக்கும் ஃபோலிக் அமில வைட்டமின் தினம் 5 மில்லிகிராம் சேர்ந்தால் இந்த மருந்தின் மலேரியாவுக்கு எதிரான வேலை கெடும், 0.4 மில்லிகிராம் என்றால் பரவாயில்லை.