க்ளியர் ஸ்டாம்ப் திட்டுத் திட்டாகப் பதிகிறது, கறுப்புக் கோடு கரைகிறது, லேஸ் டை நடுவில் வெட்டவில்லை – உதவி தேவை

தாள்மடிப்பு:

எல்லாருக்கும் வணக்கம். ஒரே வடிவமைப்பில் இருபது வாழ்த்து அட்டைகள் செய்ய வேண்டும். மாதிரி அட்டையிலேயே மூன்று இடத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறது.

அடி அட்டை 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வெள்ளை கார்ட்ஸ்டாக், மடித்தபின் 10.8 × 14 செ.மீ. மேலே ஒட்டும் தாள் 220 ஜிஎஸ்எம், வழவழப்பானது.

முதலாவது, ஸ்டாம்ப். புது ஃபோட்டோபாலிமர் (ஒளி ஊடுருவும் மெத்தென்ற பிளாஸ்டிக்) க்ளியர் ஸ்டாம்ப், இதழ் முழுக்க நிரம்பிய பெரிய பூ. பிக்மென்ட் மை (நிறத்துகள் கலந்த மை) தடவினால் பரவாமல் முத்து முத்தாக ஒதுங்குகிறது. தாளில் இதழ் நடுவே வெள்ளைப் புள்ளிகள். இன்னும் அழுத்தினால், அதே அக்ரிலிக் பிளாக்கில் ஒட்டியிருக்கும் 'நல்வாழ்த்துகள்' தடித்துப்போகிறது. ழகரத்தின் சுழி அடைந்துவிடுகிறது, மெய்யெழுத்துப் புள்ளிகள் எழுத்தோடு ஒட்டிக்கொள்கின்றன.

இரண்டாவது, இலைகளைக் கறுப்பு மெமென்டோ மையில் கோடாகப் பதித்து வாட்டர்கலர் பூசுகிறேன். நன்றாகக் காய்ந்த பிறகும் பிரஷ் பட்டதும் கோடு சாம்பல் நிறமாக ஓடுகிறது.

மூன்றாவது, லேஸ் ஓரம் வெட்டும் மெல்லிய டை, அதாவது உருளை மெஷினில் கட்டிங் பிளேட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தும் கூர்விளிம்புள்ள உலோக அச்சு. இரண்டு முனையும் சுத்தமாக வெட்டுகிறது, நடுவில் பாதிதான் இறங்குகிறது. வெட்டிய பகுதியும் டைக்குள்ளேயே இறுகிக்கொண்டு, எடுக்கும்போது கிழிகிறது. கட்டிங் பிளேட்டுகள் கொஞ்சம் வளைந்திருக்கின்றன. மெஷினை மாற்றித்தான் ஆகணுமா?

---

மைப்பலகை:

மெஷினைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். ஸ்டாம்புக்கு நான் பதில் சொல்கிறேன்.

மை முத்தாக ஒதுங்கினால் அது மையின் குற்றமல்ல, மேற்பரப்பின் குற்றம். புது ஃபோட்டோபாலிமரில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய வழவழப்பு இருக்கும். பளபளவென்று இருக்கும் அந்தத் தோல் மையைத் தள்ளிவிடும். கோட்டு வடிவங்களில் இது கண்ணுக்குத் தெரியாது, நிரம்பிய வடிவங்களில்தான் பளிச்சென்று தெரியும்.

வெள்ளைப் பென்சில் அழிப்பானால் ஸ்டாம்பின் முகத்தை மெதுவாக, எல்லாத் திசையிலும் தேயுங்கள். பளபளப்பு மங்கினால் போதும். பிறகு ஒரு சொட்டு பாத்திர சோப்பு கலந்த நீரில் கழுவி, பஞ்சு உதிராத துணியில் ஒற்றி எடுங்கள். அதன்பின் வெர்சாமார்க் போன்ற ஒட்டும் மையை ஒருமுறை தடவி, வேண்டாத தாளில் பதித்துத் துடைத்துவிட்டு உங்கள் மையைப் போடுங்கள். முதல் இரண்டு மூன்று பதிவு வேண்டாத தாளுக்கே போகட்டும்.

ஈரத் துடைப்பத் தாளால் ஸ்டாம்பைத் துடைக்கிறீர்களா? அதில் லோஷன் இருந்தால் அதே வழவழப்பு திரும்ப ஏறிவிடும். தண்ணீரும் சோப்பும் போதும். துடைத்த பிறகும் நிறக் கறை தங்கியிருந்தால் விட்டுவிடுங்கள், பதிவை அது கெடுக்காது.

எழுத்து தடிப்பது வேறு கோளாறு. பெரிய பூவையும் சின்ன எழுத்தையும் ஒரே பிளாக்கில் வைக்கக் கூடாது. பூவுக்கு நிறைய மையும் நல்ல அழுத்தமும் வேண்டும், எழுத்துக்கு இரண்டுமே குறைவாக வேண்டும். எழுத்தைத் தனி பிளாக்கில், எழுத்தைவிடக் கொஞ்சமே பெரிய பிளாக்கில் ஒட்டுங்கள். மைப்பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து ஸ்டாம்பின் மேல் தட்டுங்கள், தேய்க்காதீர்கள். அழுத்தித் தேய்த்தால் மை எழுத்தின் பக்கச் சுவரிலும் சுழிக்குள்ளும் இறங்கிவிடும். நேராக வைத்து, அசைக்காமல் இரண்டு விநாடி அழுத்தி, நேராகவே தூக்குங்கள்.

---

கரைமணல்:

அழிப்பானில் சரியாகாவிட்டால் மிக நைஸான மணல்தாளால் லேசாகத் தேய்க்கலாம்.

---

மைப்பலகை:

பூவுக்கு மட்டும் என்றால் சரி, அதுவும் கடைசி வழியாக. எழுத்து ஸ்டாம்பில் மணல்தாள் படவே கூடாது. விளிம்பு மழுங்கினால் கூர்மை திரும்பி வராது.

இன்னொன்று விட்டுப்போனது. அடியில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். கடினமான மேசையில் நேராகப் பதித்தால் பெரிய வடிவத்தின் நடுப்பகுதி தாளைத் தொடாமல் போகும். தாளுக்கு அடியில் 2–3 மி.மீ. ஃபோம் விரிப்பு போடுங்கள். எழுத்துக்கு அதை எடுத்துவிட்டு நாலைந்து சாதாரணத் தாள் போதும். மெத்தென்ற பரப்பில் மெல்லிய எழுத்து புதைந்து தடிக்கும்.

---

நீர்வண்ணம்:

இரண்டாவது கேள்விக்கு: மெமென்டோ சாய மை. தாளுக்குள் இறங்கிக் காயும், ஆனால் நீரில் திரும்பக் கரையும். எவ்வளவு நேரம் காயவைத்தாலும் ஹீட் கன் (சூட்டுக் காற்று ஊதும் கருவி) காட்டினாலும் இந்தக் குணம் மாறாது. அந்த மை ஆல்கஹால் மார்க்கருக்கு ஏற்றது, வாட்டர்கலருக்கு அல்ல.

வாட்டர்கலருக்கு வெர்சாஃபைன் போன்ற, காய்ந்தபின் நீர் படாத பிக்மென்ட் மை எடுங்கள். அதில் நுண்ணிய கோடும் நன்றாக விழும். மெதுவாகக் காயும் என்பதால் பதித்தவுடன் பிரஷ் கூடாது. ஹீட் கன்னால் பின்பக்கமாகச் சூடு காட்டினால் சீக்கிரம் உலரும். அந்த மையின் மேல் ஆல்கஹால் மார்க்கர் போட்டால் அது கலங்கும். எனவே எந்த வண்ணம் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற மையை எடுப்பதுதான் முறை. ஸ்டேஸ்ஆன் போன்ற கரைப்பான் மையும் நீரைத் தாங்கும், ஆனால் க்ளியர் ஸ்டாம்பில் அழியாத கறை பிடிக்கும். அதைச் சுத்தம் செய்யும் கடும் திரவமும் ஃபோட்டோபாலிமருக்கு ஆகாது.

இன்னும் பத்திரமான வழி: கறுப்பு பிக்மென்ட் மை ஈரமாக இருக்கும்போதே நிறமற்ற எம்பாசிங் பவுடர் தூவி உருக்கிவிடுங்கள். கோடு மேலெழும்பி, வண்ணத்துக்குச் சிறு வரப்பு போலவும் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் வழவழப்பான 220 ஜிஎஸ்எம் தாள் அதிக நீரைத் தாங்காது, மேல் நார் பிரிந்து திரளும். நீர் நிறையப் போகிறதென்றால் 300 ஜிஎஸ்எம் ஹாட் பிரெஸ் (வழவழப்பான) வாட்டர்கலர் தாள் எடுங்கள். கோல்ட் பிரெஸ் தாளின் மேடு பள்ளத்தில் ஸ்டாம்ப் கோடு விட்டு விட்டுத்தான் பதியும்.

---

வெட்டுத்தகடு:

மெஷினை மாற்ற வேண்டாம். நடுவில் மட்டும் வெட்டவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிளேட்டைத்தான். எல்லாரும் டையை நடுவிலேயே வைத்து ஓட்டுவதால் அந்த இடம் குழிந்துபோகும். பிளேட்டை ஒரே பக்கமாகப் பயன்படுத்தினால் வளையவும் செய்யும்.

சோதனை எளிது. அதே டையை பிளேட்டில் நான்கு செ.மீ. தள்ளி வைத்து ஓட்டிப் பாருங்கள். வெட்டாத இடம் டையின் வேறு பூவேலைக்கு மாறினால் கோளாறு பிளேட்டில். டையின் அதே பூவேலையில் மறுபடியும் வெட்டாமல் நின்றால், அந்த இடத்தில் கோடுகள் நெருக்கமாக இருக்கின்றன, அழுத்தம் பங்குபோய்ப் போதாமல் இருக்கிறது என்று அர்த்தம்.

எதுவானாலும் தீர்வு ஷிம், அதாவது அழுத்தம் கூட்ட அடியில் வைக்கும் மெல்லிய தாள். சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ. தடிமன். ஒரு தாளைச் சேருங்கள், ஓட்டுங்கள், போதாவிட்டால் இன்னொன்று. ஒரேயடியாகத் தடித்த அட்டையைச் செருகாதீர்கள். கைப்பிடி சுற்ற உடம்பின் பலம் முழுக்கத் தேவைப்பட்டால் உடனே நிறுத்திப் பின்னோக்கிச் சுற்றி வெளியே எடுங்கள். பிளேட் படபடவென்று சத்தம் போடுவது சகஜம், கைப்பிடி திணறுவது சகஜமல்ல. ஷிம்மை டைக்கும் தாளுக்கும் நடுவில் வைக்கக் கூடாது. மெஷினின் அடித்தட்டான பிளாட்ஃபார்முக்கும் கீழ்ப் பிளேட்டுக்கும் இடையில், வெட்டாத பகுதிக்கு நேர் கீழே மட்டும் வையுங்கள். முழு நீளத்துக்கும் போட்டால், ஏற்கெனவே நன்றாக வெட்டும் முனைகளில் அழுத்தம் அளவுமீறிப்போய் பிளேட்தான் பாழாகும்.

அடுக்கும் வரிசை, கீழிருந்து மேலாக: பிளாட்ஃபார்ம், ஷிம், கட்டிங் பிளேட், முகப்பு மேலே பார்த்த தாள், கூர்விளிம்பு கீழே பார்த்த டை, கட்டிங் பிளேட். மெஷினுக்கு மெஷின் இது மாறும், உங்கள் மெஷினில் அச்சிட்டிருக்கும் வரிசையே முக்கியம். ஆனால் தாளின் முகப்பு எப்போதும் கூர்விளிம்பைப் பார்க்கட்டும். பிளேட்டிலுள்ள பழைய வெட்டுத் தழும்புகள் பின்பக்கத்தில் பதிந்தால் யாருக்கும் தெரியாது.

லேஸ் ஓரத்தின் நீண்ட நேர்விளிம்பு உருளைக்குள் ஒரே சமயத்தில் நுழையக் கூடாது. டையைச் சற்றுச் சாய்த்து வையுங்கள், அழுத்தம் படிப்படியாக ஏறும். நகராமலிருக்க எளிதில் உரியும் டேப் இரண்டு துண்டு. ஒருமுறை உள்ளே, ஒருமுறை வெளியே ஓட்டி, மொத்த அடுக்கையும் அசையாமல் திருப்பி இன்னொருமுறை ஓட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேட்டைப் புரட்டிப் போடுங்கள், வளைவு தானாகக் குறையும்.

டைக்குள் இறுகுவதற்கு: கார்ட்ஸ்டாக்குக்கும் கூர்விளிம்புக்கும் நடுவே மெழுகுத்தாள் வைத்து வெட்டுங்கள். நுண்வேலை டைக்கு இது இல்லாமல் ஓட்டவே வேண்டாம். எடுக்கும்போது ஓரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள், டையின் பின்னாலுள்ள துளைகளில் ஊசிமுனையால் வரிசையாகத் தள்ளுங்கள். தங்கிய சிறு துண்டுகளை ஃபோம் மேல் வைத்து உருளும் டை பிரஷ்ஷால் உதிர்க்கலாம். தாள் 160 முதல் 220 ஜிஎஸ்எம்முக்குள் இருக்கட்டும். நடுவில் பஞ்சு போல நார் தெரியும் மலிவு கார்ட்ஸ்டாக் எவ்வளவு அழுத்தினாலும் கிழியத்தான் செய்யும்.

---

தாள்மடிப்பு:

மிக்க நன்றி. அழிப்பானால் தேய்த்துக் கழுவியபின் பூ முழுதாக நிரம்பிப் பதிகிறது. எழுத்துக்குத் தனி பிளாக், அடியில் நாலு தாள்: சுழி திறந்துவிட்டது. டையைத் தள்ளி வைத்தபோது வெட்டாத இடம் டையின் வேறு பூவேலைக்கு மாறியது, ஆக பிளேட்தான். ஒரு தாள் ஷிம்மும் மெழுகுத்தாளும் போட்டதும் சுத்தமாக வருகிறது.

இப்போது வேறு சிக்கல். இலைகளுக்கு நிறமற்ற பவுடர் போட்டேன். கோட்டுக்கு வெளியேயும் தூசு போலப் பவுடர் ஒட்டி உருகுகிறது. சில இடத்தில் கோடு பளபளப்பே இல்லாமல் எண்ணெய்க் கறை போல இறங்கிவிட்டது, தாளும் வளைகிறது. லேஸ் ஒட்டும்போது பசை பிதுங்குவதையும் எப்படித் தவிர்ப்பது? இருபது அட்டையிலும் பூ ஒரே இடத்தில் விழ வேறு வழி உண்டா?

---

நீர்வண்ணம்:

வெளியே ஒட்டுவதற்கு மூன்று காரணம்: நிலைமின்சாரம், தாளின் ஈரப்பதம், விரல் எண்ணெய். பதிப்பதற்கு முன் ஆன்ட்டி-ஸ்டாட்டிக் பவுடர் பையைத் தாள் முழுக்க லேசாக ஒற்றுங்கள். சோளமாவைச் சிறு துணியில் முடிந்துகொண்டாலும் அதே வேலை செய்யும். பதித்த பிறகு ஒற்றினால் மை மேல் மாவு ஒட்டிக் கெட்டுவிடும். பவுடர் தூவித் தட்டியபின், பின்பக்கத்தில் விரலால் ஒரு சுண்டு. மிச்சத்தை உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் எடுத்துவிட்டு அப்புறம் சூடு. மெல்லிய கோட்டுக்கு நைஸான டீடெயில் பவுடர்தான் சரி, சாதாரணப் பவுடர் கோட்டைத் தடிக்க வைக்கும்.

எண்ணெய்க் கறை என்பது சூடு மிஞ்சியதன் அடையாளம். உருகிய பவுடர் தாளுக்குள் இறங்கிவிட்டது. ஹீட் கன்னைத் தாளில் காட்டாமல் 20 விநாடி தனியாக ஓடவிட்டு, முழுச் சூட்டில் வந்தபின் 5 செ.மீ. தூரத்தில் பிடியுங்கள். மணல் போலிருந்தது பளிச்சென்று மாறும் அந்தக் கணமே அடுத்த இடத்துக்கு நகருங்கள். சூடேறாத கன்னை நெடுநேரம் பிடிப்பதால்தான் தாள் ஈரம் இழந்து வளைகிறது. வளைந்த தாளை, பவுடர் முழுதாக ஆறியபின், கனமான புத்தகத்துக்கு அடியில் வையுங்கள்.

---

வெட்டுத்தகடு:

லேஸுக்கு: வெட்டுவதற்கு முன்பே தாளின் பின்பக்கம் இருபக்கமும் ஒட்டும் ஷீட்டை ஒட்டிவிட்டு, அதோடு சேர்த்து வெட்டுங்கள். தோலை உரித்து அப்படியே பதிக்கலாம், பிதுங்க எதுவும் இல்லை. ஷீட்டின் தடிமன் சேர்வதால் ஷிம் தேவைப்படாமல் போகலாம், முதலில் ஷிம் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். ஒட்டிய பிறகு நகர்த்த முடியாது என்பதுதான் இதிலுள்ள ஒரே குறை. நகர்த்த வேண்டுமென்றால் ஊசிமுனைக் குப்பியில் வெள்ளைப் பசை, கோடாக இழுக்காமல் புள்ளி புள்ளியாக, 1 செ.மீ. இடைவெளியில்.

அடி அட்டையை மடிக்கும்போதும் கவனம். 300 ஜிஎஸ்எம் தாளை ஸ்கோர் செய்யாமல் (மடிப்புக் கோட்டில் பள்ளம் இழுக்காமல்) மடித்தால் முதுகு வெடிக்கும். ஸ்கோர் கோட்டின் பள்ளம் வெளியே, மேடு உள்ளே வருமாறு மடியுங்கள். தாளின் நார் ஓடும் திசைக்கு இணையாக மடிப்பு வரும்படி வெட்டிக்கொண்டால் இருபதும் சுத்தமாக மடியும்.

---

மைப்பலகை:

ஒரே இடத்தில் விழ: மூடி திறக்கும் ஸ்டாம்பிங் பிளாட்ஃபார்ம் வாங்கினால் நல்லது. தாளை மூலையோடு சேர்த்து வைத்துக் காந்தத்தால் நிறுத்தி, பூவைத் தாளின் மேல் வேண்டிய இடத்தில் கவிழ்த்து வைத்து மூடியை மூடினால் ஸ்டாம்ப் மூடியில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் தாளை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். திட்டு விழுந்தாலும் தாளை நகர்த்தாமல் மறுபடி மை போட்டு அதே இடத்தில் பதிக்கலாம். க்ளியர் ஸ்டாம்ப் மெல்லியது என்பதால் பிளாட்ஃபார்மோடு வரும் ஃபோம் விரிப்பு உள்ளே இருக்கட்டும். ஃபோம் முதுகுள்ள தடித்த ரப்பர் ஸ்டாம்புக்கு மாறும்போது அதை எடுத்துவிட வேண்டும்.

டையில் வெட்டிய துண்டின் மேல் பதிக்க வேண்டியிருந்தால், அதே டையால் வேண்டாத தாளில் ஓட்டை வெட்டி, அந்த ஓட்டைத்தாளை பிளாட்ஃபார்மில் டேப் போட்டு நிறுத்துங்கள். வெட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாக அந்த ஓட்டைக்குள் பொருத்திப் பதித்து எடுக்கலாம், இம்மியும் விலகாது.

இருபதையும் வேலைவாரியாகச் செய்யுங்கள்: பூ எல்லாம் முதலில், காய்ந்தபின் எழுத்து எல்லாம், கடைசியில் இலையும் பவுடரும். நாலைந்து பதிவுக்கு ஒருமுறை ஸ்டாம்பைத் துடைத்துவிடுங்கள். பிக்மென்ட் மை விளிம்பில் சேர்ந்துகொண்டே போனால் ஆறாவது ஏழாவது அட்டையில் சுழி மறுபடி அடையத் தொடங்கும்.