ரோமில் மூன்று நாள், முழுக்க நடை, குறைந்த செலவு: எந்த வரிசையில் சுற்றுவது?

இளவேனில்:
வணக்கம் நண்பர்களே. அக்டோபர் நடுவில் திங்கள், செவ்வாய், புதன் என மூன்று நாள் ரோமில் இருப்போம். நானும் அம்மாவும். தங்குவது தெர்மினி ஸ்டேஷன் பக்கம். அறை வாடகை போக, ஆளுக்கு நாளொன்றுக்கு 35 யூரோவுக்குள் முடிக்க வேண்டும். அம்மா சமதளத்தில் எட்டு கிலோமீட்டர் வரை நிதானமாக நடப்பார், ஏற்றம்தான் சிரமம். சுத்த சைவம். கொலோசியம் கட்டாயம் பார்க்க வேண்டும், வத்திக்கான் மியூசியம் தேவையில்லை. எதை எப்போது பார்த்தால் வீண் அலைச்சல் இருக்காது?

நெடுநடை:
ரோமில் காசைவிட நேரக் கணக்குதான் முக்கியம். அங்கே இலவசமாகப் பார்க்கக் கிடைப்பவற்றில் சிறந்தவை தேவாலயங்களுக்குள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை மதியம் 12.30 வாக்கில் சாத்தினால் 3 மணிக்கு மேல்தான் திறக்கும். டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடங்களுக்கு இந்த மதிய அடைப்பு கிடையாது. ஆகவே காலையும் மாலையும் தேவாலயம், நடுப்பகலில் டிக்கெட் இடம். இதை மாற்றிப் போட்டால் ஒவ்வொரு வாசலிலும் பூட்டைத்தான் பார்ப்பீர்கள்.

திங்கள்: தெர்மினியில் இருந்து பத்து நிமிட நடையில் சாந்தா மரியா மஜோரே. 5ஆம் நூற்றாண்டு மொசைக் சித்திரங்கள் உள்ளே இருக்கின்றன. 2025இல் போப் பிரான்சிஸை அங்கே அடக்கம் செய்த பிறகு கூட்டம் கூடிவிட்டது, சீக்கிரம் போங்கள். அடுத்த தெருவிலேயே சாந்தா பிராசெதே, சின்னக் கோயில், 9ஆம் நூற்றாண்டு மொசைக். அங்கிருந்து சான் பியெத்ரோ இன் வின்கோலி. மைக்கலாஞ்சலோவின் மோசே சிலை அங்கேதான் இருக்கிறது. 12 மணிக்குள் போய்விடுங்கள். கொலோசியம் அங்கிருந்து இறக்கத்தில் ஐந்தாறு நிமிடம். டிக்கெட்டை 1.30 வாக்கில் போட்டுக்கொள்ளுங்கள்.

கொலோசியம், ஃபோரம் (பழைய ரோமின் பொதுத்திடல் இடிபாடுகள்), பாலட்டைன் குன்று மூன்றுக்கும் சேர்த்து 24 மணி நேர டிக்கெட் 18 யூரோ. அதிகாரபூர்வ தளத்தில் 30 நாள் முன்னால் திறக்கும், நல்ல நேரங்கள் வேகமாகப் போய்விடும். டிக்கெட்டில் பெயர் அச்சாகும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள், கையில் பாஸ்போர்ட்டும் வேண்டும். நேரக் கட்டுப்பாடு கொலோசியத்துக்கு மட்டும். ஃபோரத்துக்கு அந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு தடவை எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். அம்மா களைத்துவிட்டால் செவ்வாய் காலையில் போய்க்கொள்ளலாம். பாலட்டைன் மேடு, அவருக்குக் கட்டாயமில்லை.

செவ்வாய்: புனித பேதுரு பேராலயம். நுழைவு இலவசம், காலை 7 மணிக்கே திறக்கும். எட்டரைக்கு மேல் பாதுகாப்புச் சோதனை வரிசை சதுக்கத்தைச் சுற்றிக்கொள்ளும். தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும். இதைப் புதனில் வைக்காதீர்கள். புதன் காலையில் சதுக்கத்தில் போப்பின் பொதுச் சந்திப்பு நடந்தால் மதியம் வரை பேராலயத்துக்குள் விடமாட்டார்கள். பிறகு பஸ்ஸில் ஜானிக்கோலோ மேட்டுக்குப் போனால் நகரம் முழுதும் கண்ணுக்குக் கீழே. தினமும் சரியாக 12 மணிக்கு அங்கே பீரங்கி முழங்கும். ஏற்றத்துக்கு பஸ், இறக்கத்துக்குக் கால். கீழே த்ராஸ்தேவெரே எனும் பழைய குடியிருப்புப் பகுதி.

புதன்: தெர்மினியில் மெட்ரோ ஏ வழியில் ஃப்லாமினியோ, 1.50 யூரோ. அங்கே சாந்தா மரியா தெல் போப்போலோ தேவாலயத்தில் ஓவியர் கரவாஜோவின் ஓவியங்கள் இரண்டு. பிறகு ஸ்பானியப் படிகள், த்ரேவி நீரூற்று, சான்த் இஞ்ஞாசியோ தேவாலயம். கடைசியில் சொன்னதன் குவிமாடத்தை அண்ணாந்து பாருங்கள். குவிமாடமே இல்லை, தட்டையான கித்தானில் அந்திரேயா போட்சோ வரைந்தது. 12 மணிக்கு பாந்தியான், பழைய ரோமானியக் கோயில். 2023 ஜூலையில் 5 யூரோ கட்டணம் வைத்தார்கள். நடுப்பகலில் உச்சித் துளை வழியே விழும் ஒளித்தூண் உள்ளே நகர்வதைப் பார்க்கலாம். துளைக்குக் கண்ணாடி இல்லை. மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும், தரையில் வடிகால் துவாரங்கள் உண்டு. பிறகு நவோனா சதுக்கம். 3 மணிக்கு மேல் சான் லுயிஜி, சாந்த் அகோஸ்தீனோ தேவாலயங்கள். இரண்டிலும் கரவாஜோ, இரண்டும் இலவசம்.

சில்லறைப்பை:
மேலே சொன்ன தேவாலயங்களுக்கு 50 சென்ட், 1 யூரோ நாணயங்கள் கொஞ்சம் வைத்திருங்கள். சான் லுயிஜியில் ஓவியம் இருக்கும் சிற்றாலயம் இருட்டாகவே கிடக்கும். பக்கத்துச் சுவரில் பெட்டி இருக்கிறது, நாணயம் போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். மத்தேயுவை இயேசு அழைக்கும் ஓவியம் இடப்பக்கச் சுவரில். அதற்குள் ஒளி வலமிருந்து, அதாவது பீடத்தின் பக்கமிருந்து வருவதாக வரைந்திருக்கிறார். சிற்றாலயத்தின் ஜன்னலும் அந்தப் பக்கம்தான். விளக்கு அணைந்த பிறகு இன்னும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள், அது எவ்வளவு யோசித்து வரைந்தது என்று புரியும்.

ஏர்போர்ட்: ஃபியுமிச்சீனோவில் இருந்து தெர்மினிக்கு நேராக ஓடும் லியோனார்தோ எக்ஸ்பிரஸ் 14 யூரோ. எஃப்எல்1 சாதா ரயில் 8 யூரோ, ஆனால் அது தெர்மினிக்குப் போகாது. ஒஸ்தியென்சேயில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாக பிராமிதே மெட்ரோவுக்கு நடந்து, பி வழியில் தெர்மினி. 8ம் 1.50ம் 9.50 ஆயிற்று. பெரிய பெட்டி இருந்தால் அந்த 4.50 லாபத்துக்கு அம்மாவை அலைக்கழிக்க வேண்டாம். காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் பிளாட்பாரத்து மெஷினில் முத்திரை குத்துங்கள். குத்தாத டிக்கெட்டுக்கு அபராதம் உண்டு, தெரியாது என்று சொன்னால் எடுபடாது.

மெட்ரோ, பஸ் ஒரே டிக்கெட், 100 நிமிடம் செல்லும், அதற்குள் மெட்ரோ ஒரு தடவைதான். நாள் பாஸ் வேண்டாம், தினம் ஆறு தடவை ஏறினால்தான் கட்டுப்படி ஆகும்.

மிளகுரசம்:
சாப்பாடு, தண்ணீர் பற்றி நான் சொல்கிறேன்.

தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். தெருவெங்கும் நசோனி எனும் வார்ப்பிரும்புக் குழாய்கள், ஏறத்தாழ 2,500. ஓயாமல் ஓடும், குடிக்கத் தகுந்த நீர். வளைந்த மூக்கின் மேல்முதுகில் சின்னத் துளை இருக்கும். கீழ் நுனியை விரலால் அடைத்தால் அந்தத் துளை வழியே தண்ணீர் வில் போல மேலே பீறிடும், குனியாமல் குடிக்கலாம். முட்டி வலிக்கு நல்லது!

மதியத்துக்கு பிட்சா அல் தாலியோ. பெரிய தட்டில் சுட்டதை வெட்டி எடைபோட்டு விற்பார்கள். கத்தியை வைத்து "இவ்வளவா?" என்று காட்டுவார்கள், தயங்காமல் குறைக்கச் சொல்லுங்கள். விலைப்பலகையில் எத்தோ என்றிருந்தால் 100 கிராம் விலை. அதைத் துண்டு விலை என்று நினைப்பவர்கள்தான் பில்லைப் பார்த்துத் திகைப்பார்கள். ஒருவருக்கு 250 கிராம் போதும். சைவத்துக்கு: பிட்சா ரொஸ்ஸா (தக்காளி மட்டும்), உருளைக்கிழங்கு போட்டது.

கவனம்: கார்பொனாரா, அமாத்ரிச்சானா எனும் பாஸ்தா வகைகள் இரண்டிலும் பன்றிக் கன்ன இறைச்சி. சுப்லீ எனும் அரிசி உருண்டையிலும் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு. "கார்னே (இறைச்சி) இல்லாமல்" என்று மட்டும் கேட்டால் மீன் வந்துவிடலாம். "நே கார்னே, நே பேஷே" (இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம்) என்று சொல்லுங்கள். அம்மா கண்டிப்பான சைவம் என்றால் இன்னொன்று: பெக்கொரீனோ ரொமானோ, பார்மிஜானோ இரண்டு சீஸுமே கன்று, ஆட்டுக்குட்டி இரைப்பையில் எடுக்கும் ரென்னெட் (பாலைத் திரியவைக்கும் பொருள்) சேர்த்துச் செய்பவை. "சென்சா ஃபொர்மாஜோ" என்றால் சீஸ் போடமாட்டார்கள்.

காபி பாரில் நின்றபடி குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் இரண்டு மடங்கும் ஆகும். ஆனால் அந்தக் காபிக்குக் கழிவறையும் சேர்த்தி. தேவாலயங்களில் கழிவறை இருக்காது என்பதால் அம்மாவுடன் போகும்போது இந்தச் செலவு நியாயமானது.

இளவேனில்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியம் இலவசமாமே, பயணத்தை அதற்கு ஏற்ப முன்னால் நகர்த்தலாமா? அம்மாவுக்கு எந்தச் செருப்பு?

நெடுநடை:
நகர்த்த வேண்டாம். முதல் ஞாயிறன்று முன்பதிவு கிடையாது, அன்றைக்கே கவுண்டரில் வரிசையில் நின்று வாங்க வேண்டும். பாந்தியானும் சேர்த்து ஆளுக்கு 23 யூரோ மிச்சம்தான். ஆனால் மூன்றே நாளில் அரை நாள் வரிசைக்குப் போய்விடும். ஞாயிறு காலை பூசை நேரத்தில் தேவாலயங்களிலும் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள்.

செருப்பே வேண்டாம், ஷூ. பழைய தெருக்களில் சாம்பியெத்ரீனி எனும் கருங்கல் பதித்திருக்கிறது. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், சிமென்ட் இல்லாமல் மணலில் இறுக்கியது, அதனால் காலப்போக்கில் ஒன்று ஏறும் ஒன்று இறங்கும். மெல்லிய அடிப்பாகம் என்றால் ஒவ்வொரு விளிம்பும் பாதத்தில் குத்தும், கணுக்காலும் பிசகும். தடித்த ரப்பர் அடி, பின்கால் இறுகப் பிடிக்கும் ஷூ, இரண்டு வாரமாவது இங்கேயே போட்டு நடந்து பழகியதாக. மழை நாளில் அந்தக் கல் வழுக்கும், அம்மாவை நடைபாதை ஓரமாகவே கூட்டிப் போங்கள். உருளைப் பெட்டியின் சின்னச் சக்கரமும் அந்த இடுக்குகளில்தான் உடையும்.

திங்கள் மாலை ஃபோரத்துக்குள் போக நேரமில்லை என்றாலும் கவலை வேண்டாம். ஃபோரத்தை ஒட்டிய குன்றின் மேல் இருக்கும் காம்பிதோலியோ சதுக்கத்தில் நடுக் கட்டடத்தை வலப்பக்கமாகச் சுற்றிப் பின்னால் போனால் ஒரு மேடை வரும். மொத்த ஃபோரமும் காலடியில், டிக்கெட் இல்லாமல். விளக்கு போட்ட பிறகு போங்கள். வேனேசியா சதுக்கத்தில் இருந்து ஏறும் அகலப் படிகள் தாழ்வானவை, அம்மா நின்று நின்று ஏறிவிடுவார்.