ஹார்ன் ஸ்பீக்கருக்கு ட்யூப் ஆம்ப்: 300பி வாங்கணுமா, இல்ல கிராஸ்ஓவர்லயே கோளாறா?

மூணாங்காது:
நண்பர்களே, டூ-வே ஹார்ன் செட் ஒண்ணு பண்ணிட்டிருக்கேன். கீழ 15 இஞ்ச் வூஃபர் 97 டெசிபல் (1 வாட்டுக்கு 1 மீட்டர்ல), போர்ட் வெச்ச பெட்டி. மேல கம்ப்ரஷன் டிரைவர் (ஹார்னுக்குப் பின்னாடி மாட்டற சின்ன ஸ்பீக்கர்) 108 டெசிபல், சத்தத்த சமமா பரப்பற கான்ஸ்டன்ட் டைரக்டிவிட்டி ஹார்ன். ரெண்டுமே 8 ஓம், 800 ஹெர்ட்ஸ்ல பிரிக்கறதா பிளான். கிராஸ்ஓவர், அதாவது சத்தத்த ரெண்டா பிரிக்கற ஃபில்டர், இப்போதைக்கு ஹார்னுக்கு ஒரு கெப்பாசிட்டர், வூஃபருக்கு ஒரு காயில், அவ்ளோதான். ஆம்ப் இஎல்34 ட்யூப் புஷ்புல் (ட்யூப் ஜோடியா வேலை செய்யறது). பாட்டு ஓடாதப்ப உக்கார்ற எடத்துக்கே உஸ்ஸ்னு கேக்குது, கூடவே ம்ம்ம்னு ஒரு ஹம் வேற. 300பி ட்யூப் போட்ட சிங்கிள் எண்டட் (ஜோடி இல்லாம தனியா வேலை செய்யற) ஆம்ப்புக்கு மாறிடுன்னு கேக்கறவங்க எல்லாம் சொல்றாங்க. 8 வாட் பத்துமா, மாறினா சத்தம் போயிடுமா?

பழையவால்வு:
வாட் பத்தும் ப்ரோ, 97-ல 8 வாட்னா ஒரு மீட்டர்ல 106 டெசிபல், வீட்டுக்கு அது ஜாஸ்தி. ஆனா சத்தம் போகாது. 300பி-ல ஃபிலமென்ட்டே தான் கேதோடு (எலக்ட்ரான் விடற பாகம்), 5 வோல்ட் ஏசி குடுத்து சூடாக்கினா ஹம் நேரா சிக்னல்ல ஏறும், டிசி ஹீட்டிங் இல்லாம ஹார்ன் பக்கமே கொண்டுவராதீங்க. இன்னொண்ணு, ஃபீட்பேக் (வெளிய வர்றத திருப்பி உள்ள குடுத்து திருத்தறது) இல்லாத சிங்கிள் எண்டட்ல அவுட்புட் இம்பீடன்ஸ் (ஆம்ப்போட உள் தடை) 2, 3 ஓம் சாதாரணமா இருக்கும், உங்க போர்ட் பெட்டில இம்பீடன்ஸ் ஏர்ற எடத்துல எல்லாம் பாஸும் சேந்து உப்பும்.

முதல்ல எல்-பேட் (சத்தத்த கொறைக்கற ரெண்டு ரெசிஸ்டர்) எங்க? 108-க்கும் 97-க்கும் 11 டெசிபல் வித்தியாசம், அத கொறைக்காம விட்டா பாட்டோட சேந்து ஆம்ப்போட இரைச்சலும் பெருசாத்தான் வரும். ஃபில்டருக்கு அப்புறம் 5.6 ஓம் சீரிஸ்ல, டிரைவருக்கு குறுக்க 3.6 ஓம். 10 டெசிபல் எறங்கும், ஃபில்டருக்கு அதே 8 ஓம் தான் தெரியும். மீதி ஒண்ண காதால பாத்துக்கலாம்.

அப்புறம் அந்த ஒத்த கெப்பாசிட்டர் டிரைவருக்கு ஆபத்து, ஆக்டேவுக்கு 6 டெசிபல்னு மெதுவா சரியற ஸ்லோப்ல கீழ இருந்து நெறைய உள்ள போகும். 12 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலி ஃபில்டர் போடுங்க, ரெண்டு பக்கமும் 3.2 மில்லிஹென்றி, 12.4 மைக்ரோஃபேரட் கிட்ட, ஒரு டிரைவரோட போலாரிட்டிய திருப்பணும். இது 8 ஓம் மாறாதுன்னு வெச்ச கணக்கு, அளந்து திருத்துங்க.

அளந்துபாரு:
நான் ஆக்டிவ் கட்சி, அதாவது ஆம்ப்புக்கு முன்னாடியே பிரிச்சு ஒவ்வொரு டிரைவருக்கும் தனி ஆம்ப். டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸர்) போட்டு வூஃபருக்கு டிரான்சிஸ்டர் ஆம்ப், ஹார்னுக்கு 2ஏ3 ட்யூப் ஆம்ப், 3.5 வாட்டே எதேஷ்டம். பெரிய லாபம் டிலே (வூஃபர் சத்தத்த தள்ளிப்போட்டு சமப்படுத்தறது) தான், ஹார்ன் 30 செமீ ஆழம்னா சத்தம் கிட்டத்தட்ட 0.9 மில்லிசெகண்ட் லேட்டா வருது, 800 ஹெர்ட்ஸோட அலையே 43 செமீ தான், முக்கால் சுத்து பிசகு. காயில் கெப்பாசிட்டர்ல அத சரிபண்றது தலைவலி. ஆனா ஆக்டிவ்லயும் எல்-பேட கழட்டாதீங்க, கழட்டினா அதே உஸ்ஸு. டிரைவருக்கு சீரிஸ்ல ஒரு காப்பு கெப்பாசிட்டரும் இருக்கட்டும், ஆன் பண்றப்ப வர்ற 'தம்'முக்கு டயாஃப்ரம் போயிடும்.

மூணாங்காது:
எல்-பேடும் 12 டெசிபல் ஃபில்டரும் போட்டாச்சு. உஸ்ஸு இப்ப ஹார்ன் வாய்க்குள்ள தலைய விட்டாத்தான் கேக்குது! ஹம் அப்படியே இருக்கு. இன்னொரு பிரச்சன, சிம்பல்ல மினுமினுப்பே இல்ல, போர்வ போத்தின மாதிரி.

பழையவால்வு:
ஹம் வூஃபர்ல வருது, எல்-பேட் அங்க இல்லயே. ஆம்ப்ப ஆஃப் பண்ணி, ஸ்பீக்கர் மாட்டியே இருக்கட்டும், ட்யூப் ஆம்ப்ப லோடு இல்லாம ஓட்டவே கூடாது, இன்புட் ஒயர மட்டும் கழட்டி ஷார்ட்டிங் பிளக் (இன்புட்ட கிரவுண்டோட இணைக்கறது) சொருகி ஆன் பண்ணுங்க. நின்னா கோளாறு ஆம்ப்புக்கு வெளிய, பெரும்பாலும் கிரவுண்ட் லூப் (எர்த் ஒயர் வளையமாகி வர்ற ஹம்), நிக்கலன்னா ஆம்ப்புக்குள்ள.

போர்வைக்கு காரணம் ஹார்ன். பழைய எக்ஸ்பொனென்ஷியல் ஹார்ன் மேல போகப்போக சத்தத்த நடுவுல குவிச்சிடும், அதனால டிரைவர் 3, 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல சரியறது தெரியாது. உங்களுது எல்லாப் பக்கமும் சமமா பரப்புது, அதான் சரிவு அப்படியே வெளிய தெரியுது. அந்த 5.6 ஓமுக்கு மேல பேரலலா 6.8 மைக்ரோஃபேரட் வெச்சுப் பாருங்க. உச்சில இம்பீடன்ஸ் 2.5 ஓம் வரைக்கும் எறங்கும், அங்க பாட்டுல பவர் கம்மிங்கறதால இஎல்34 சமாளிச்சுக்கும்.

மூணாங்காது:
ஷார்ட்டிங் பிளக் சொருகினதும் ஹம் கப்சிப், அப்ப கிரவுண்ட் லூப்பா தான் இருக்கும், ஒயர தேடணும். கெப்பாசிட்டர் கைல 4.7 தான் இருக்கு, இன்னிக்கு அத வெச்சே ஒட்டிப் பாக்கறேன். 300பி-ய அப்புறம் பாப்போம்.