தார் சிஆர்டிஇ பின்பக்க எம்எல்டி: லாக் ஆகத் தாமதம், கொண்டை ஊசியில் ‘டொக்’ சத்தம். எங்கே பார்ப்பது?

மிளகுத்தோட்டம்:

வணக்கம். என்னிடம் இருப்பது பழைய மஹிந்திரா தார் சிஆர்டிஇ (டீசல்) ஜீப், 2016 மாடல். பின் ஆக்சிலில் எம்எல்டி (மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரென்ஷியல், அதாவது இரண்டு பின்சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்து ஒன்றாகச் சுற்ற வைக்கும் லாக்கர்) இருக்கிறது. சுவிட்ச் எதுவும் கிடையாது, சக்கரம் வழுக்கிச் சுழன்றால் தானாக லாக் ஆகும் வகை. கொல்லிமலையில் சிறிதாக ஒரு மிளகுத் தோட்டம் பார்க்கிறேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி இறங்குவது, மேலே தோட்டத்து மண்பாதையில் மூட்டை ஏற்றி வருவது, இவ்வளவுதான் வண்டிக்கு வேலை.

தொந்தரவு இரண்டு.

முதலாவது: தோட்டத்துப் பாதையில் ஓரிடத்தில் மழைத் தண்ணீர் மண்ணை அறுத்து வாய்க்காலாக்கிவிட்டது. அதைக் குறுக்கே கடந்து ஏறும்போது இடது பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும். முன்பெல்லாம் அந்தச் சக்கரம் கொஞ்சம் சுழன்றதுமே ‘டப்’ என்று பிடித்து வண்டி ஏறிவிடும். இப்போது சும்மா சுழன்றுகொண்டே இருக்கிறது. இன்னும் ஆக்சிலரேட்டர் கொடுத்தால், ஆக்சிலே பெயர்ந்துவிட்டதோ என்று பயப்படும்படி ஓர் அடி விழுந்து அப்புறம் பிடிக்கிறது. சில சமயம் பிடிப்பதே இல்லை.

இரண்டாவது: மலை ஏறும்போது கொண்டை ஊசியில் வளைந்து முடித்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும் நொடியில் பின்னால் ‘டொக்’ என்று ஒரே ஒரு சத்தம். இறங்கும்போதும் பிரேக் பிடித்தால் எப்போதாவது அதே சத்தம் கேட்கிறது. தார் ரோட்டில் எப்போதும் 2எச்-தான் (பின்சக்கர ஓட்டம் மட்டும்), 4எச் (நான்கு சக்கர ஓட்டம்) போடுவதில்லை.

மழைக்கு முன்னால் பின் டிஃபரென்ஷியல் ஆயில் மாற்றினேன். பாரம் தாங்குவதற்காகப் பின்னால் ஒரு ஸ்பிரிங் பட்டையும் கூடுதலாகச் சேர்த்தேன். இரண்டும் ஒரே வெளி ஒர்க்‌ஷாப்பில். அங்கேயே போய்க் கேட்டால், “லாக்கர் போயிடுச்சு, மொத்தமா மாத்தணும்” என்கிறார்கள். விலையைக் கேட்டதும் இங்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஈரோடு_4x4:

ப்ரோ, ஆட்டோ லாக்கர் வண்டியில் வளைவில் சத்தம் வருவது சகஜம். யூடியூப்பில் அமெரிக்காக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஒன்றும் ஆகாது, ஓட்டுங்கள். லேட்டாகப் பிடிப்பதற்கு எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல்) ஆயிலுக்கான அடிட்டிவ் ஒரு பாட்டில் ஊற்றிப் பாருங்கள், பலருக்குச் சரியாகியிருக்கிறது.

கிரவுன்_பினியன்:

தம்பி, அடிட்டிவ் எதையும் ஊற்றிவிடாதீர்கள். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் பேச்சு எங்கெங்கோ போய்விடும்.

ஆட்டோ லாக்கர் என்ற ஒரே பெயரில் நேர் எதிரான இரண்டு சாமான்கள் உலவுகின்றன. டெட்ராய்ட் லாக்கர் வகை எப்போதும் லாக்கிலேயே இருக்கும். வண்டி வளையும்போது மட்டும் வேகமாகச் சுற்றும் வெளிச்சக்கரத்தைப் பல் தாண்டிப் பல்லாக விட்டுக்கொடுக்கும். அதில் வரும் ‘டக் டக் டக்’ நோயே இல்லை. ஈரோட்டுத் தம்பி பார்த்த வீடியோக்கள் அந்த வகையைப் பற்றியவை.

இந்தத் தாரில் இருப்பது ஈட்டன் வகை. ஜெனரல் மோட்டார்ஸ் டிரக்குகளில் 1973 முதல் வருவதும் இதே வகைதான். இது சாதாரணமாக ஓப்பனில், அதாவது இரண்டு சக்கரமும் தனித்தனி வேகத்தில் சுற்றும்படி இருக்கும், சக்கரம் வழுக்கினால்தான் பிடிக்கும். ஆகவே இதில் வளைவில் சத்தம் வந்தால் ‘சகஜம்’ என்று விட்டுவிடக் கூடாது.

உள்ளே நடப்பது இதுதான். இரண்டு பின்சக்கரங்களின் சுற்றும் நிமிடத்துக்குச் சுமார் 100 அளவுக்கு வித்தியாசப்பட்டால், உள்ளே இருக்கும் சின்ன கவர்னரின் எடைகள், திருவிழா ராட்டினத்துத் தொங்கு நாற்காலி போல வெளியே விரியும். விரிந்த எடை ஒரு கொக்கியில் மாட்டி நின்றுவிடும். அது நின்றதும் சரிவான கேம் சைடு கியரைத் தள்ளி, கிளட்ச் தட்டுகளை நெருக்கிப் பிடிக்கும். லாக் ஆகிவிட்டது. வண்டி ஏறக்குறைய 30 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் அந்தக் கொக்கியே விலகிக்கொள்ளும். ஹைவேயில் திடீரென்று லாக் ஆகாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது.

இப்போது உங்கள் கொண்டை ஊசிக்குக் கணக்குப் போடுவோம். 12 கி.மீ. வேகம், வளைவின் ஆரம் 7 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்சக்கரத்துக்கும் வெளிச்சக்கரத்துக்கும் வரும் வித்தியாசம் நிமிடத்துக்கு 20 சுற்றைத் தாண்டாது. 100 எங்கே, 20 எங்கே? உள்சக்கரம் சரளையில் வழுக்கினால் ஒழிய அங்கே லாக்கர் வேலை செய்யவே வாய்ப்பில்லை. அப்படியானால் அந்த ‘டொக்’ லாக்கருடையது அல்ல. உங்கள் இரண்டு தொந்தரவுக்கும் இரண்டு தனித்தனிக் காரணம் இருக்கிறது என்பது என் ஊகம்.

ரப்பர்_மணி:

அண்ணே, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பின்னால் ஒரு டயர் புதிது, ஒரு டயர் தேய்ந்தது என்று இருந்தால் எம்எல்டி தானாக லாக் ஆகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதையும் கேட்டுவிடலாமே?

மிளகுத்தோட்டம்:

இடது பின் டயர் புதிதுதான். கல் கிழித்துவிட்டதால் அதை மட்டும் மாற்றினேன். 235/70 ஆர்16, இரண்டும் ஒரே கம்பெனி.

கிரவுன்_பினியன்:

நல்ல கேள்வி மணி, ஆனால் கணக்கு ஒத்துவராது. அந்த அளவு டயர் 60 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 430 சுற்றுச் சொச்சம் சுற்றும். பட்டன் உயரத்தில் 4 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் விட்டத்தில் 1 சதவீதம்தான் மாறும். வித்தியாசம் 5 சுற்று. அதில் லாக் ஆகாது.

ஆனால் அந்த 5 சுற்றும் நேர் ரோட்டில்கூட ஓயாமல் நடந்துகொண்டிருக்கும். கிளட்ச் தட்டுகள் சும்மாவே உரசித் தேயும், ஆயில் சூடாகும். அதனால் அடுத்த முறை பின் டயரை ஜோடியாகவே மாற்றுங்கள்.

சரி, சோதனைக்கு வருவோம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின் ஆக்சிலின் இரண்டு பக்கத்தையும் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். டிரான்ஸ்ஃபர் லீவர் 2எச்-இல், எஞ்சின் ஆஃப், முதல் கியர். அதன் பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஒரு பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் மறுசக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். அடுத்து அதே சக்கரத்தை வெடுக்கென்று வேகமாகச் சுண்டுங்கள். ‘கிளிக்’ என்று கேட்டு நின்றுவிட வேண்டும். எதிர்ப்பக்கம் கொஞ்சம் திருப்பினால் விட்டுவிடும். சில நேரம் முதல் சுண்டலில் பிடிக்காது, விடாமல் சுண்டிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை ஓட்டிக் கியர் போட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டே வந்துவிடுங்கள். லாக்கர் பிடித்த அடுத்த நொடி தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

அப்புறம், ஆயிலை ஒரு சுத்தமான டிரேயில் வடித்து, டிரெயின் பிளக் காந்தத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று எழுதுங்கள். ஊற்றியது என்ன ஆயில் என்று ஒர்க்‌ஷாப்பில் பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

மிளகுத்தோட்டம்:

பார்த்துவிட்டேன் அண்ணே. மெதுவாகச் சுற்றினால் மறுபக்கம் எதிர்த்திசையில் சுற்றுகிறது. வேகமாகச் சுண்டினால் கிளிக் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் சக்கரம் டக்கென்று நிற்காமல், இழுபட்டு, வழுக்கி அப்புறம்தான் நிற்கிறது.

காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒரு படிவு. விரலில் தேய்த்தால் நறநறவென்று எதுவும் தட்டுப்படவில்லை, துண்டு, சில்லு எதுவும் இல்லை. ஆயிலில் பால் நிறம் இல்லை, ஆனால் கறுத்திருக்கிறது, லேசான கருகல் வாடை.

பில்லில் “எல்எஸ்டி கியர் ஆயில்” என்று போட்டிருக்கிறார்கள். கேட்டதற்கு, “லாக் டிஃபரென்ஷியலுக்கு விலை கூடின ஆயில்தான் நல்லது” என்றார்கள்.

கிரவுன்_பினியன்:

பிடிபட்டுவிட்டது.

கிளிக் கேட்கிறது என்றால் கவர்னரும் கொக்கியும் உயிரோடு இருக்கின்றன. அதற்குப் பிறகு நெருங்க வேண்டிய கிளட்ச் தட்டுகள்தான் வழுக்குகின்றன. எல்எஸ்டி ஆயிலில் உரசலைக் குறைக்கும் ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் கலந்திருக்கும். எல்எஸ்டி-க்கு அது தேவை, அங்கே தட்டுகள் எப்போதும் மென்மையாக வழுக்கிக் கொடுக்க வேண்டும். இங்கே தட்டு பிடித்தால்தான் லாக்கே. அதனால் தாமதம். நீங்கள் ஆக்சிலரேட்டரைக் கூட்டிக் கூட்டிச் சக்கரம் முழு வேகத்தில் இருக்கும்போது பிடிப்பதால் அந்த அடி. இந்த வகையை முரட்டு வேகத்தில் பிடிக்க விட்டு உடைத்தவர்கள் அமெரிக்காவில் நிறைய. ‘கவ்-பாம்’ (கவர்னர் குண்டு) என்று பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். காந்தத்தில் சில்லு இல்லாததைப் பார்த்தால் நீங்கள் அதற்குள் தப்பித்துவிட்டீர்கள்.

ஓனர் மேனுவலில் இருக்கும் கிரேடில் சாதாரண ஜிஎல்-5 ஆயில், அடிட்டிவ் இல்லாதது. ஃபில்லர் ஓட்டை விளிம்பு வரை நிரப்புங்கள். காலி மைதானத்தில் மெதுவாக எட்டுப் போட்டு ஓட்டினால் தட்டுகளுக்கு நடுவே தங்கிய பழைய ஆயில் வெளியே வரும். சில நூறு கிலோமீட்டர் கழித்து அதையும் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள், ஒரே தடவையில் முழுக்கப் போகாது. ஆக்சிலுக்குள் அழுத்தம் சேராமல் காற்றை விடும் பிரீதர் டியூப் அடைத்திருக்கிறதா என்றும் ஊதிப் பாருங்கள்.

ஈரோடு_4x4:

நல்லவேளை, நான் சொன்ன பாட்டிலை ஊற்றவில்லை 😅

மிளகுத்தோட்டம்:

ஆயில் இரண்டு முறையும் மாற்றியாயிற்று. வாய்க்காலில் இப்போது லேசாக ஆக்சிலரேட்டரை வைத்திருந்தாலே சக்கரம் கொஞ்சம் சுழன்று ‘டப்’ என்று பிடிக்கிறது. பழையபடி அந்தப் பெரிய அடி இல்லை. ஒர்க்‌ஷாப் சொன்ன தொகை மிச்சம்.

கொண்டை ஊசி ‘டொக்’ மட்டும் அப்படியே இருக்கிறது, அண்ணே.

கிரவுன்_பினியன்:

இருக்கத்தான் செய்யும். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது ஒன்று, பிரேக் பிடிக்கும்போது ஒன்று என்றால், ஆக்சில் முறுக்கிக்கொள்ளும் திசை மாறும் நேரத்தில் எங்கோ ஆட்டம் இருக்கிறது. புரொபெல்லர் ஷாஃப்ட் (பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) ஜாயின்ட் கிராஸைக் கையால் முறுக்கி பிளே பாருங்கள். ஆனால் பட்டை சேர்த்தேன் என்றீர்களே, என் சந்தேகம் பட்டையை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டும் யு-போல்ட் மேல்தான். பட்டை ஆக்சில் மேல் உட்காரும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

மிளகுத்தோட்டம்:

கிராஸில் ஆட்டம் இல்லை. வலதுபக்க யு-போல்ட் நட்டைச் சுற்றி செங்காவியாகத் துருப்பொடி. ஆக்சில் பேடின் ஓரத்தில் பெயின்ட் போய், விரல் அகலத்துக்கு இரும்பு பளபளவென்று இருக்கிறது. ஸ்பேனர் வைத்தால் நட்டு சிரமமே இல்லாமல் திரும்புகிறது.

கிரவுன்_பினியன்:

அதேதான். பாரத்தோடு வளையும்போது வெளிப்பக்கப் பட்டைக்கு எடை கூடுகிறது, மிதித்ததும் ஆக்சில் பேடில் நகர்ந்து இடிக்கிறது. அப்படியே விட்டால் பட்டைகளை நடுவில் கோத்து நிறுத்தும் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் பின்னுக்குப் போய்விடும், மலைப்பாதையில் அந்த விபரீதம் வேண்டாம். சரிசெய்யும் வரை பாரம் ஏற்றாதீர்கள்.

பழைய யு-போல்ட்டையே முறுக்க வேண்டாம், அது நீண்டு போயிருக்கும். இரண்டு பக்கமும் புதிது போடுங்கள். பட்டை ஒன்று கூடியிருப்பதால் அதற்கேற்ற நீளம் கேட்டு வாங்குங்கள், நட்டுக்கு வெளியே மூன்று நான்கு மரை தெரிய வேண்டும். சென்டர் போல்ட்டைக் கழற்றித் தேய்மானம் பாருங்கள். நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கச் சொல்லுங்கள்.

மிளகுத்தோட்டம்:

மாற்றியாயிற்று அண்ணே, சென்டர் போல்ட்டின் தலையில் ஒரு பக்கம் வாய்க்கால் மாதிரி தேய்ந்திருந்தது, அதையும் மாற்றிவிட்டார்கள். நேற்று மூட்டையோடு மேலே வந்தேன், எந்த வளைவிலும் சத்தம் இல்லை. இனி எப்போது திரும்ப முறுக்கிப் பார்க்க வேண்டும்?

கிரவுன்_பினியன்:

முதல் பாரம் இறக்கியதும் ஒருமுறை, 500 கிலோமீட்டரில் ஒருமுறை, அதன் பிறகு ஒவ்வொரு சர்வீஸிலும். பாரம் இல்லாமல், வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது முறுக்குங்கள், ஸ்டாண்டில் தொங்கவிட்டு அல்ல.

ரப்பர்_மணி:

வலது பின் டயரையும் மாற்றிவிடுங்கள் சார். பழையதை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம்.