மறு: ஹைப்பர்வைசருக்குத் தமிழில் என்ன? பொறிதாங்கி

அனைவருக்கும் வணக்கம். ஒரே கணினியில் பல மெய்நிகர் பொறிகளை (மென்பொருளால் ஆன கணினிகளை) ஓடவிடும் மென்பொருளான ஹைப்பர்வைசருக்குத் தமிழ்ச்சொல் பற்றிய பேச்சுக்கு என் பதில் இது.

> மேசைக்கணினியில் ஓடுவதற்கு ஒரு சொல், வழங்கியில் (சர்வரில்) ஓடுவதற்கு ஒரு சொல் என்று பிரித்துவிட்டால் குழப்பம் தீரும்.

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ், ஈஎஸ்எக்ஸ்ஐ என்ற இரண்டு ஹைப்பர்வைசர்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். விர்ச்சுவல்பாக்ஸ் விண்டோஸுக்குள் ஒரு சாளரத்தில் உபுண்டுவைத் திறந்து காட்டும்; நள்ளிரவில் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு மறுபடி தொடங்கினால் உள்ளே ஓடிக்கொண்டிருந்ததும் சேர்ந்து நின்றுபோகும். ஈஎஸ்எக்ஸ்ஐ போட்ட வழங்கியில் அடியில் வேறு இயங்குதளமே கிடையாது. திரையில் மஞ்சளும் சாம்பலுமாக ஒரு பக்கம், அதில் ஓர் ஐபி முகவரி. மற்ற வேலையெல்லாம் பெரும்பாலும் இன்னொரு கணினியின் உலாவியிலிருந்துதான்.

சரி, மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி-யை எங்கே வைப்பது? 2008-இல் விண்டோஸ் சர்வரோடு வந்தது. 2012-இல் விண்டோஸ் 8-க்கும் வந்துவிட்டது. மடிக்கணினியில் அதை இயக்கினால் அது வன்பொருளுக்கு நேர்மேலே போய் உட்கார்ந்துகொள்ளும், நாம் பார்க்கும் விண்டோஸே அதன் மேல்தான் ஓடும். லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மும் இரண்டு இடத்திலும் ஓடுவதுதான். 2007-இல் லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் கருப்பகுதி) 2.6.20-இல் சேர்ந்தது, பெரிய தரவு மையத்திலும் மாணவரின் மடிக்கணினியிலும் அதே கேவிஎம். இடத்தை வைத்துப் பெயரிட்டால் ஒரே மென்பொருளுக்கு இரண்டு பெயர் வந்து சேரும்.

ராபர்ட் கோல்ட்பர்க் 1973-இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் பிரித்த விதமே நமக்குப் போதும்: வன்பொருள் மேல் நேராக ஓடுவது முதல் வகை, இன்னோர் இயங்குதளத்தின் மேல் ஓடுவது இரண்டாம் வகை. கேவிஎம் இதில் எது என்று இன்றும் வாதாடுகிறார்கள். ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான், அடியில் என்ன இருக்கிறது?

> மீமேற்பார்வையி

இது ஹைப்பர்வைசர் என்ற சொல்லை அப்படியே பெயர்த்தது. ஐபிஎம் பெருங்கணினிக் காலத்தில் இயங்குதளத்தின் கருப்பகுதியைச் சூப்பர்வைசர் என்றார்கள். அதற்கும் மேலே நிற்பதால் இது ஹைப்பர்வைசர் ஆயிற்று. தமிழில் நாம் யாரும் கர்னலை மேற்பார்வையி என்று எழுதுவதில்லை. அடிச்சொல் புழக்கத்தில் இல்லாதபோது அதன்மேல் 'மீ' ஏற்றிப் பயன் இல்லை. அப்புறம், இது வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் மென்பொருளும் அல்ல. நினைவகத்தையும் செயலி நேரத்தையும் பங்கிட்டுக் கொடுத்து, ஒரு மெய்நிகர் பொறி இன்னொன்றில் கைவைக்காமல் தடுத்து, எல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது.

ஆகவே என் பரிந்துரை பொறிதாங்கி. சுமைதாங்கி, இடிதாங்கி என்ற வரிசையில் தானாக வந்து உட்காரும். முதல் வகை நேரடிப் பொறிதாங்கி. இரண்டாம் வகை தளவழிப் பொறிதாங்கி. 'தாங்கி' என்றால் வன்பொருள் போல ஒலிக்கிறதே என்று கேட்கலாம். 'வழங்கி' வன்பொருள், மென்பொருள் இரண்டையும் குறித்துப் பழகிவிட்டதால் அது பெரிய தடையாக எனக்குத் தெரியவில்லை.

கையேட்டில் வரக்கூடிய வாக்கியம் ஒன்றில் போட்டுப் பார்த்தேன்: "பொறிதாங்கியைப் புதுப்பிக்கும் முன் அதிலுள்ள மெய்நிகர் பொறிகளை வேறு வழங்கிக்கு நகர்த்தவும்." தடங்கல் இல்லாமல் படிக்க முடிகிறது.

மீதி இருப்பது 'ஹோஸ்ட்', அதாவது பொறிதாங்கிக்கு இடம்கொடுப்பது. தளவழியில் அது இயங்குதளம், நேரடியில் அது கணினியே. இரண்டுக்கும் 'புரவலர்' பொருந்துமா? வழங்கி நிர்வாகத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.